பால் மறந்த பன்றிக்குட்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது, தெரியுமா?

கந்தளாய்க் காட்டோரம் குட்டிகளோடு ஓடும் காட்டுப்பன்றியைப் பார்த்திருக்கிறீர்களா? அது 3, 4 மாதம் வரை பால் கொடுக்கும்! பண்ணையில் எத்தனை நாள் தெரியுமா? பெரும்பாலும் 28! சில இடங்களில் வெறும் 21! நம் திருகோணமலைக் காட்டுக்குட்டியும் நீர்கொழும்புப் பண்ணைக்குட்டியும் ஒரே இனம் என்றால் நம்புவீர்களா?

தாய்ப்பன்றிக்கு ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவைதான் பால் இறங்கும். அதுவும் 10, 20 விநாடிதான்! ஒவ்வொரு குட்டிக்கும் சண்டை போட்டுப் பிடித்த சொந்தக் காம்பு உண்டு!

பண்ணையில் பால் மறக்க வைக்கும் நாளில் திடீரென்று தாய் இல்லை. பால் இல்லை. முன்பின் தெரியாத குட்டிகள், காய்ந்த தீன். பாவம், என்ன செய்யும்? குடலில் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் 24 மணி நேரத்தில் கால் பங்கு சுருங்கியதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 5ஆம் நாளில்? பாதி! பிறகு வயிற்றோட்டம் வராமல் இருக்குமா?

அதே நாட்களில் உடம்புக்குள் ஒட்சியேற்றச் சேதம் எகிறுகிறது. அதைத் தடுக்கும் விற்றமின் ஈ இரத்தத்தில் குறைகிறது! இந்த விற்றமின் கருப்பையில் குட்டிக்கு மிகக் கொஞ்சமே போய்ச் சேரும். கடும்புப்பால்தான் கைகொடுக்கிறது. அதனால் தாயின் தீனிலேயே அதைச் சேர்க்கத் தொடங்குகிறார்கள்!

இன்னோர் அதிசயம் கேளுங்கள். குட்டிக்குத் தினமும் 7 மில்லிகிராமாவது இரும்பு வேண்டும். தாய்ப்பால் தருவதோ சுமார் 1 மில்லிகிராம்! ஆகவே பிறந்த சில நாளில் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி. ஆனால் விற்றமின் ஈ போதாத குட்டிக்கு அந்த உயிர்காக்கும் ஊசியே உயிரை எடுக்கலாம்! இரும்பே ஒட்சியேற்றத்தைத் தூண்டிவிடும் என்பதுதான் காரணம்.

விற்றமின் ஈயின் கூட்டாளி யார் தெரியுமா? செலனியம்! ஒரு கிலோ தீனுக்கு வெறும் 0.3 மில்லிகிராம் போதும். 5 மில்லிகிராமைத் தாண்டினால் நஞ்சு! மிருக வைத்தியரைக் கேட்காமல் இதில் கை வைக்கவே கூடாது. சரி, செலனியம் தாராளமாக இருப்பது எதில்? நம் துறைமுகத்தில் தினமும் வந்திறங்கும் கடல்மீனில்! பால் மறந்த குட்டிகளின் தீனில் மீன்தூள் சேர்ப்பதும் பழைய வழக்கம்தான்.

ஒட்சியேற்றத்தைத் தடுக்க எலுமிச்சம்பழம் கொடுக்கலாமா என்கிறீர்களா? விற்றமின் சீயைப் பன்றி தன் ஈரலிலேயே தயாரிக்கிறது! நம்மால் முடியாத வித்தை!

ஐரோப்பிய ஒன்றியம் குட்டிகளின் வயிற்றோட்டத்துக்கு மருந்தளவில் கொடுத்துவந்த நாக ஒட்சைட்டை 2022 ஜூனோடு நிறுத்திவிட்டது. மாற்று என்ன? திராட்சை விதை, பச்சைத் தேயிலை, ஏன், நம் மீன்குழம்பில் போடும் மஞ்சளின் சத்தைக்கூடப் பரிசோதித்துவிட்டார்கள்! சில சோதனைகளில் நல்ல பலன், சிலவற்றில் குட்டியின் எடை அசையவே இல்லை!