கண்ணுக்குத் தெரியாத இலக்கம், கைவிட்டுப் போகும் வாடிக்கை

பல வருடங்களுக்கு முன்னர், கொட்டாஞ்சேனையில் நான் சிறியதொரு ஹார்ட்வெயார் கடையை ஆரம்பித்திருந்த காலம். ஒரு நாள் மாலை, வெள்ளவத்தையில் கராஜ் நடத்தும் ஓர் இளைஞர் கடைக்குள் வந்தார். வந்தவர் சத்தம் போடவில்லை. பையிலிருந்து ஒரு சொக்கட்டை எடுத்து மேசை மேல் வைத்தார்.

“நானா, இதில என்ன நம்பர் அடிச்சிருக்கு? நீங்களே ஒருக்கா வாசியுங்கோ.”

நான் எடுத்துப் பார்த்தேன். தலைக்கு மேலிருந்த பல்பின் வெளிச்சம் குரோமில் பட்டுக் கண்ணைக் கூசியது. கிறீஸ் பூசியிருந்த இடத்தில் ஏதோ இரண்டு இலக்கங்கள். கண்ணாடியைப் போட்டுச் சரித்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: 13. முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது 12. 12 என்று நினைத்து நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

வானொன்றின் எஞ்சினுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்த போல்ட் அது. நீட்டுக் கம்பியில் சொக்கட்டை மாட்டி, கையால் தடவிப் பொருத்திப் பலம் கொடுத்திருக்கிறார். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. போல்ட்டின் ஆறு மூலையும் உருண்டு போய்விட்டது. அதைத் துளைத்தெடுக்க இரண்டு நாட்கள் சென்றன. வானுக்குச் சொந்தக்காரர் அடுத்த வேலையை வேறு கராஜுக்குக் கொண்டு போய்விட்டார்.

சொக்கட்டை மாற்றிக் கொடுத்தேன், பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் இழந்த வாடிக்கையாளரை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்ட சிலவற்றை இந்த வாரம் வியாபார அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். விடயம் சிறியது, செலவும் சிறியது.

ஒரே இலக்கம், பல அளவு

எங்கள் நாட்டில் இந்தச் சிக்கல் மற்ற நாடுகளை விடச் சற்று அதிகம். காரணம், ஒரே தட்டில் மூன்று தலைமுறை அளவுகள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, ஆங்கிலேயர் விட்டுச் சென்ற வித்வேர்த் அளவு. ஜோசப் வித்வேர்த் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 1841 இல் முன்வைத்த முறை இது. இந்த ஸ்பேனரில் 1/4 என்று அடித்திருந்தால், அது வாயின் அகலம் அல்ல. அந்த ஸ்பேனர் பிடிக்கும் போல்ட்டின் தண்டு எத்தனை அங்குலம் என்பதையே அது சொல்கிறது. வாயை அளந்தால் அதைவிட மிகப் பெரிதாக இருக்கும். இரண்டாவது, பழைய பிரித்தானியக் கார்களோடு வந்த ஏ.எப். அளவு. அதில் 1/4 என்றால் வாயின் அகலமே 1/4 அங்குலம், அதாவது 6.35 மி.மீ. இரண்டு ஸ்பேனரிலும் அடித்திருப்பது 1/4 தான். வித்தியாசமோ பல மில்லிமீட்டர். மூன்றாவது, ஜப்பான் வாகனங்களோடு வந்த மில்லிமீட்டர் அளவு.

மில்லிமீட்டருக்குள்ளும் ஒரு பிரிவினை உண்டு. 8 மி.மீ. தண்டுள்ள போல்ட்டின் தலை, ஜப்பான் வாகனத்தில் பெரும்பாலும் 12. ஐரோப்பிய முறையில் அதே போல்ட்டின் தலை 13. 10 மி.மீ. போல்ட்டுக்கு ஜப்பானில் 14, பழைய ஜெர்மன் முறையில் 17, சர்வதேச முறையில் 16. அந்த வெள்ளவத்தைத் தம்பிக்கு நான் கொடுத்த 13 ஒரு குறைபாடான பொருள் அல்ல. இன்னொரு வாகனத்துக்கு அது சரியான பொருள். பிழை என் கண்ணிலும், வாசிக்க முடியாத அந்த அடையாளத்திலும் இருந்தது.

இன்னும் ஒன்று. வேலைத்தளத்தில் பாஸ்மார் பலர் இன்றும் ‘நூல்’ கணக்கில் பேசுவார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். “நாலு நூல் சொக்கட் ஒண்டு தாங்க” என்று கேட்டால் அரை அங்குலம் என்று பொருள். ஆனால் அவர் கேட்பது வாயின் அளவா, அல்லது கைப்பிடி மாட்டும் சதுரத் துளையின் அளவா? மில்லிமீட்டர் சொக்கட்டிலும் அந்தச் சதுரத் துளை 1/4, 3/8, 1/2 என்று அங்குலத்தில்தான் வருகிறது. சில சொக்கட்டுகளில் இரண்டு அளவும் அடித்திருக்கும். தெளிவில்லாத அடையாளத்தில் எது எது என்று யாருக்குத் தெரியும்?

குழாய்ச் சாமான் விற்பவர்களுக்கு இது புதிதல்ல. வெள்ளவத்தையில் எழும்பியிருக்கும் மாடிக் குடியிருப்புகளில் வேலை செய்யும் பிளம்பர், “அரை இஞ்சிப் பைப்” என்று கேட்டு வாங்கும் பி.வி.சி. குழாயின் வெளி விட்டம் 20 மி.மீ. அதில் பொருத்தும் “அரை இஞ்சி” டெப்பின் புரி வெளியில் ஏறக்குறைய 21 மி.மீ. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. என்று பள்ளிக்கூடத்தில் படித்த பையனை முதல் நாள் கடையில் நிறுத்தினால், அவன் தலையைச் சொறிவதில் ஆச்சரியம் இல்லை.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

அனுபவமுள்ளவர்கள் சில அளவுகளை மாற்றிப் பாவிப்பார்கள். 19 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 3/4 அங்குலம் போகும். அதன் அளவு 19.05, வித்தியாசம் மயிரிழை. 8 மி.மீ. உம் 5/16 அங்குலமும் அப்படித்தான். ஆனால் 12 மி.மீ. தலைக்கு 1/2 அங்குலத்தை மாட்டினால் 0.7 மி.மீ. இடைவெளி விழும். 17 மி.மீ. தலைக்கு 11/16 அங்குலத்தை மாட்டினால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தால் அது மூலையைத் தின்றுவிடும், மெக்கானிக்கின் விரல் மூட்டையும் உடைக்கும். இலக்கத்தைச் சரியாக வாசித்தவனால்தான் எதை மாற்றலாம் என்று முடிவு செய்ய முடியும்.

ஒரு மணித்தியாலத்தில் செய்யக்கூடியது

பழைய ஆயுதங்களின் இலக்கத்தை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் வழியை ஒரு பழைய கராஜ் பாஸ் எனக்குக் காட்டிக் கொடுத்தார். அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவருடைய பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனரின் இலக்கமும் வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

முதலில், இலக்கம் அடித்த பள்ளத்தைப் பழைய பல்துலக்கும் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கிறீஸ் எச்சம் இருந்தால் நிறம் பிடிக்காது. துடைத்துக் காயவிட்ட பின், எனமல் பெயின்டை ஒரு சிறு தூரிகையால் பள்ளத்துக்குள் இறங்கும்படி பூச வேண்டும். வீட்டில் கிடக்கும் கியூடெக்ஸ் கூடப் போதும். சில நிமிடங்கள் விட்டு, தட்டையான பலகைத் துண்டில் இறுக்கிச் சுற்றிய துணியில் இலேசாகத் தின்னர் தொட்டு, மேற்பரப்பை மட்டும் ஒரு தடவை இழுத்துத் துடைக்க வேண்டும். விரலில் துணியைச் சுற்றித் துடைத்தால் விரல் பள்ளத்துக்குள் அமுங்கி, உள்ளே இருக்கும் நிறத்தையும் எடுத்துவிடும். பலகை எதற்கு என்பது இப்போது விளங்கும். பின்னர் ஓர் இரவு காயவிட வேண்டும்.

அவசரமென்றால், பிள்ளைகள் படத்துக்கு நிறந்தீட்டும் மெழுகுப் பெஸ்டலைப் பள்ளத்தின் மேல் அழுத்தித் தேய்த்து மேலே துடைத்துவிடுங்கள். அது நெடுநாள் நிற்காது, ஆனால் ஒரு நிமிட வேலை.

கறுப்பு ஆயுதத்துக்கு வெள்ளை அல்லது மஞ்சள், பளபளக்கும் குரோமுக்குக் கறுப்பு அல்லது சிவப்பு. 6 க்கும் 9 க்கும் கீழே ஒரு கோடு போட மறக்க வேண்டாம். சொக்கட்டைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்று மற்றதாகத் தெரியும்.

இப்போது வரும் மலிவான பொருட்கள் பலவற்றில் இலக்கத்தை லேசரால் மேலோட்டமாகச் சுட்டிருக்கிறார்கள். அதில் பள்ளம் இல்லை, ஆகவே நிறம் நிற்காது. பெயின்ட் பேனாவால் பக்கத்தில் எழுதி, அதன் மேல் வயர் வேலைக்குப் பாவிக்கும் தெளிவான சுருங்கு குழாயை மாட்டிச் சூடு காட்டினால் பல காலம் இருக்கும்.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, சொக்கட்டிலும் ஸ்பேனரிலும் உளியாலோ இலக்க அச்சாலோ சுத்தியல் கொண்டு அடிக்கக் கூடாது. அவை கடினமாக்கப்பட்ட உருக்கு. துண்டு சிதறிக் கண்ணில் படலாம், வெடிப்பும் விழலாம். இரண்டாவது, 1000 வோல்ட் எனக் குறித்த மின்வேலை ஆயுதங்களின் காப்பு உறையைக் கீறவோ தின்னரால் துடைக்கவோ கூடாது. அந்த உறை ஒருவரின் உயிருக்குப் பொறுப்பு. மூன்றாவது, மண்ணெண்ணெயும் தின்னரும் பாவிக்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம், காற்றோட்டம் வேண்டும்.

பல கடைகளில் மில்லிமீட்டருக்கு ஒரு நிறம், அங்குலத்துக்கு ஒரு நிறம் என்று டேப் சுற்றுகிறார்கள். நல்ல பழக்கம். ஜெர்மனியின் வெரா நிறுவனம் தன் ஆயுதங்களை இப்படி நிறம் பிரித்துப் பெரிய இலக்கம் போட்டு விற்கிறது. ஆனால் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் பலர் உண்டு. ஆகவே நிறம் துணைக்கு மட்டும் இருக்கட்டும், இலக்கம் கட்டாயம் இருக்க வேண்டும். சிவப்பு, பச்சைக்குப் பதிலாக மஞ்சளும் நீலமும் எடுத்தால் இன்னும் நல்லது.

கடைக்காரர் செய்யும் பிழை

இனி எங்கள் பக்கம். விலை ஸ்டிக்கரை எங்கே ஒட்டுகிறோம்? பெரும்பாலும் தட்டையாக இடம் கிடைக்கும் இடத்தில். அதுதான் இலக்கம் அடித்த இடம்! வாங்கியவர் ஸ்டிக்கரை உரிக்கும்போது பசை பள்ளத்தில் தங்கி, அதில் தூசு படிந்து, ஒரு மாதத்தில் இலக்கம் மறைந்துவிடுகிறது. நான் இப்போது ஸ்டிக்கரை மறுபக்கத்தில் ஒட்டச் சொல்லிப் பையன்களைப் பழக்கியிருக்கிறேன்.

வெளிச்சமும் முக்கியம். நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் குரோம் கண்ணாடி போலாகிவிடும். மேசையின் பக்கத்தில் தாழ்வாக ஒரு சிறிய விளக்கு வைத்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து இலக்கம் எழுந்து நிற்கும். அதோடு ஒரு பலகையில் 8 தொடக்கம் 24 வரை போல்ட் தலைகளை வரிசையாகப் பதித்து, கீழே பெரிதாக இலக்கம் எழுதி மேசையருகில் மாட்டினேன். பக்கத்தில் ஒரு வேர்ணியர். சந்தேகம் வந்தால் வாடிக்கையாளரே மாட்டிப் பார்க்கலாம். “மாத்தித் தாங்க” என்று திரும்பி வரும் பொருட்கள் கண்ணுக்குத் தெரியக் குறைந்தன.

பழைய சோனகத் தெருவில் மொத்தமாக இறக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதிரி வரும்போது பளபளப்பையும் பெட்டியையும் மட்டும் பார்க்காதீர்கள். அதில் சிறிது கிறீஸ் பூசித் துடைத்துவிட்டு, கையை நீட்டிப் பிடித்து, நாற்பது வயது தாண்டிய ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை தளர்வது இயற்கை, எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் அந்த வயதினர். அவரால் வாசிக்க முடியாவிட்டால், இன்னும் ஆழமாக, இன்னும் பெரிதாக, இரு பக்கமும் அடித்துத் தரும்படி அனுப்புபவரிடம் கேளுங்கள். வாங்குபவர் கேட்காத ஒன்றை எந்தத் தொழிற்சாலையும் தானாகச் செய்து தராது.

ஏன் இப்போது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022 இல் டொலர் 200 ரூபா மட்டத்திலிருந்து 360 ரூபா வரை ஏறியது. அந்த வருடங்களில் பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓட்டினோம். பஞ்சிகாவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் கராஜ் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. புது ஆயுதம் வாங்க வசதியில்லாத பாஸ்மார் பழையதையே பாவித்தார்கள், இன்றும் பாவிக்கிறார்கள். அவர்களின் பெட்டியில் உள்ள இலக்கங்களை மீட்டுக் கொடுப்பது ஒரு சேவை. அது வியாபாரமும்தான், ஏனென்றால் அடுத்த முறை அவர் உங்களைத் தேடித்தான் வருவார்.

எங்கள் தராசுகளைக் கண்காணிக்க 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, திணைக்களம் இருக்கிறது. ஸ்பேனரின் இலக்கம் வாசிக்கும்படி இருக்கிறதா என்று பார்க்க யாரும் வரமாட்டார்கள். ஆனால் அளவு என்பது தராசில் மட்டும் இல்லை. 12 கேட்டவருக்கு 12 போய்ச் சேர்வதும் அளவுதான்.

அந்த வெள்ளவத்தைத் தம்பி கொஞ்சக் காலம் கடைக்கு வரவில்லை. பின்னொரு நாள் வந்தார். மேசையருகில் இருந்த போல்ட் பலகையில் ஒரு சொக்கட்டை மாட்டிப் பார்த்துவிட்டு, “இது அண்டைக்கே இருந்திருக்கலாம், நானா” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மை.

இந்த வாரம் கடை பூட்டிய பின் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு பெட்டியை எடுத்துக் கழுவி நிறம் போட்டுப் பாருங்கள். மறுநாள் காலை அந்தப் பெட்டியைத் திறக்கும் முதல் வாடிக்கையாளரின் முகத்தைக் கவனியுங்கள்.