மின்சாரம் நகருக்கு, இழப்பு யார் கணக்கில்?
நூறாண்டுக்குப் பிறகும் முல்ஷி எழுப்பும் கேள்வி

புது தில்லி: மும்பை - புணே ரயில் பாதையில் உள்ள தளேகாவ், மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளால் இன்று நாடறிந்த ஊர். புணே மாவட்டம், மாவள் வட்டத்தில் அமைந்த இந்நகருக்கு மேற்கே எழுந்து நிற்கும் சஹ்யாத்ரி மலைகள், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மும்பைக்கு மின்சாரம் அளித்து வருகின்றன. நிலக்கரியைக் கைவிட்டுத் தூய்மையான எரிசக்திக்கு மாறும் பயணத்தில், இழப்பை ஏற்பவர் யார் என்ற கேள்விக்கு இம்மலைகளைவிடப் பழைய சாட்சி இந்தியாவில் அரிது.

மும்பை நூற்பாலைகள், தொலைவிலிருந்து வந்த நிலக்கரியை நம்பி இயங்கிய காலம் அது. மலைமேல் பெய்யும் பருவமழையைத் தேக்கி, மேற்கே கொங்கண் சரிவில் இறக்கி மின்சாரம் எடுக்க டாடா நிறுவனம் திட்டமிட்டது. 1915-இல் கோபோலி, 1922-இல் பிவ்புரி, 1927-இல் பீரா என மூன்று மின் நிலையங்கள் செயல்படத் தொடங்கின. நீர்மின்சாரத்தை "வெள்ளை நிலக்கரி" என்று உலகமே கொண்டாடிய நாள்கள் அவை. ஆனால் கிழக்கே பீமா ஆற்றுக்குச் செல்ல வேண்டிய நீர் மேற்கே திருப்பப்பட்டது. பள்ளத்தாக்கின் நெல் வயல்கள் நீரில் மூழ்கின.

முல்ஷி சத்தியாகிரகம்: பீரா மின் நிலையத்துக்காக முல்ஷியில் அணை கட்டும் பணி தொடங்கியபோது விவசாயிகள் எதிர்த்து நின்றனர். முறையான அனுமதியின்றித் தங்கள் நிலத்தில் குழி தோண்டப்பட்டதே அவர்களின் முதல் புகார். 1921 ஏப்ரலில் சத்தியாகிரகம் தொடங்கியது. அதற்குத் தலைமையேற்ற பாண்டுரங்க மகாதேவ் பாபட், பின்னர் "சேனாபதி" என்றே அழைக்கப்பட்டார். 1924 வரை நீடித்த போராட்டம் தோல்வியில் முடிந்தது. பாபட் நீண்ட சிறைவாசம் அனுபவித்தார், அணை எழுந்தது.

இப்போராட்டத்தை விரிவாக ஆராய்ந்தவர், புணே பல்கலைக்கழகத்தில் அரசியல் துறைப் பேராசிரியராகப் பணியாற்றிய ராஜேந்திர வோரா. அவரது ஆங்கில நூல் 2009-இல் வெளிவந்தது. உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்று முல்ஷியை அடையாளப்படுத்தும் அந்நூல், வீரவரலாறு மட்டும் சொல்லவில்லை. போராட்டத்துக்குள் இருந்த பிளவையும் அது வெளிப்படையாகக் காட்டுகிறது. நிலத்தின் உரிமை ஆவணம் பலவிடங்களில் புணே நகர வட்டிக்கடைக்காரர்கள் கையில் இருந்தது. அவர்களுக்கு இழப்பீட்டுப் பணமே போதுமானதாக இருந்தது. ஏர் பிடித்த மாவளர்களுக்கோ நிலமே வாழ்வு. உடைமையாளரும் உழுபவரும் ஒருவரல்லர் என்பதைக் காண மறுத்த சட்டத்தால், இழப்பீடு ஒருவருக்கும் இழப்பு மற்றொருவருக்கும் சென்று சேர்ந்தது.

காற்றாலையும் விதிவிலக்கல்ல: மாவள், கேட் வட்டங்களின் மலைமுகடுகளில், பீமாசங்கர் வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய காட்டுப் பகுதியில் பின்னர் காற்றாலைகள் அமைக்கப்பட்டன. சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழு, 2011-இல் மத்திய அரசிடம் அளித்த அறிக்கையில் இத்திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தது. சரிவுகளில் வெட்டப்பட்ட சாலைகளால் ஏற்பட்ட மண்ணரிப்பையும், வனவாசிகளின் உரிமைகள் புறக்கணிக்கப்பட்டதையும் அக்குழு சுட்டிக்காட்டியது. புகை வெளியிடாத மின்சாரம் என்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது என்பதே அதன் சாரம்.

நாடாளுமன்றம் தந்த விடை: முல்ஷியின் குறையைச் சட்டம் உணர்ந்து திருத்த ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின. 1894-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்துக்கு மாற்றாக 2013-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், குத்தகைதாரர், வாரம் பிரிப்போர், விவசாயத் தொழிலாளர் ஆகியோரையும் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்று ஏற்றுக்கொண்டது. சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது. தனியார் திட்டங்களுக்காக அரசு நிலம் எடுத்தால் 80 சதவீதக் குடும்பங்களின் ஒப்புதல் தேவை எனவும் வரையறுத்தது.

இந்த விதிகளைத் தளர்த்த மத்திய அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம், எதிர்க்கட்சிகளின் கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 2015 ஆகஸ்டில் காலாவதியானது. ஆயினும் தளர்வுகள் மாநிலங்கள் வழியே நுழைந்தன. மகாராஷ்டிரம் 2018-இல் தனித் திருத்தம் செய்து, குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்கு விலக்களித்தது.

குத்தகை என்னும் புதிய வழியும் உண்டு. கர்நாடகத்தின் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியமின் பூங்காவுக்குச் சுமார் 13,000 ஏக்கர் நிலம் விலைக்கு வாங்கப்படவில்லை. விவசாயிகளிடமிருந்து குத்தகைக்கு எடுக்கப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ.21,000 எனத் தொடங்கிய வாடகை, நில உரிமையாளர்களுக்கு நிலையான வருவாய். அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்களுக்கு அதில் பங்கில்லை. வோரா முல்ஷியில் கண்ட அதே பிளவு, நீருக்குப் பதில் கண்ணாடித் தகடுகளின் அடியில் இங்கே கிடக்கிறது.

மீண்டும் மாவள்: 2030-க்குள் புதைபடிவம் சாரா மின் உற்பத்தித் திறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்துவோம் என 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. பகலில் கிடைக்கும் சூரியமின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க, நீரேற்று புனல் மின்திட்டங்கள் நாடப்படுகின்றன. மின்சாரம் உபரியாக உள்ளபோது நீரை மேலே ஏற்றி, தேவை உயரும்போது கீழே இறக்கும் முறை இது. தமிழகத்தின் கடம்பாறையில் இம்முறை 1980-களிலேயே செயல்பாட்டுக்கு வந்தது. நீலகிரியில் முன்மொழியப்பட்ட சில்லஹல்லா திட்டத்துக்கு அங்குள்ள விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

இந்த வரிசையில், புணே மாவட்டத்தின் ஷிரவடாவில் 1,800 மெகாவாட், ராய்கட் மாவட்டத்தின் பிவ்புரியில் 1,000 மெகாவாட் என இரு திட்டங்களுக்கு மகாராஷ்டிர அரசும் டாடா பவர் நிறுவனமும் 2023 ஆகஸ்டில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. மதிப்பிடப்பட்ட முதலீடு சுமார் ரூ.13,000 கோடி. நூறாண்டுக்கு முன் அணை கண்ட அதே மலைகளே இப்போதும் களம்.

புவி வெப்பமடைதலின் அபாயத்தைக் கருதினால், நிலக்கரியிலிருந்து விலகுவது தவிர்க்க முடியாதது. ஆனால் திட்ட அறிக்கையில் மெகாவாட்டும் முதலீடும் துல்லியமாக இடம்பெறும்போது, பட்டா இல்லாதவர்களின் எண்ணிக்கையும் அதே துல்லியத்தோடு இடம்பெற வேண்டும். அவர்களை எண்ணுவதற்கான அளவுகோலை 2013-இல் நாடாளுமன்றமே வகுத்துத் தந்திருக்கிறது. அதைக் குத்தகைத் திட்டங்களுக்கும் விலக்குப் பெற்ற திட்டங்களுக்கும் நீட்டிப்பதே இப்போதைய தேவை.