ஊருக்குப் போன பிறகும் கேட்கலாம்

விடியற்காலை நான்கரை மணிக்கு வடபழனியில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே திட்டம்தான். குளித்துவிட்டு முருகனைக் கும்பிட வேண்டும், தி.நகரில் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேண்டும், மத்தியானம் நல்ல ஓட்டலில் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் மெரினா. ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிடுவார்கள். ஒரே நாள்தான் என்பதால் ஏமாந்தாலும் திரும்பி வந்து கேட்க நேரம் இருக்காது. இது விற்பவர்களுக்கும் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த என் சித்தி, மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்தார். ஊருக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால் முந்தானையில் சரிகை இழை விட்டிருந்தது. கடைக்குப் போன் செய்தார். “நீங்க எடுத்துட்டுப் போறப்ப நல்லாத்தாம்மா இருந்துச்சு” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். “இதுக்காக மறுபடியும் மெட்ராஸுக்கா வர முடியும்? விடுப்பா” என்றார் சித்தி. நானும் விட்டுவிட்டேன். சட்டம் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். இதை எழுதுவதற்குக் காரணமே அந்தச் சேலைதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கடை இருக்கும் ஊரில் அல்லது பிரச்சினை நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. சென்னையில் வாங்கிய சேலைக்காகத் தென்காசிக்காரர் சென்னைக்கு அலைய யாருக்குத்தான் மனம் வரும்? புதிய சட்டத்தின் 34-ஆவது பிரிவு இதை மாற்றிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் ஊரில், அல்லது வேலை பார்க்கும் ஊரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடைக்காரர்தான் அங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். வீடியோ வழியாக விசாரிக்கும்படியும் கேட்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. அந்தக் கெடுவுக்குள் சித்தி கேட்டிருந்தால் தென்காசிப் பக்கத்திலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

வழக்குவரை போக வேண்டியதில்லை என்று நினைத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். தமிழிலும் பேசலாம். அவர்கள் கடையைத் தொடர்புகொண்டு சமரசத்துக்கு முயல்வார்கள். ஒத்துவரவில்லையென்றால் ஆணையத்தின் கதவு அப்போதும் திறந்தே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். கூட்டம் நெரியும் நேரத்தில் கையில் திணிக்கப்படும் ‘எஸ்டிமேட்’ துண்டுச்சீட்டு பில் ஆகாது. கடையின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், தேதி எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். “பில் இல்லாம வாங்கினா வரி மிச்சம்” என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மிச்சமாகும் சொற்பப் பணத்துக்கு ஈடாக நீங்கள் விட்டுக்கொடுப்பது புகார் சொல்வதற்கான ஆதாரத்தை. பில் தர மறுப்பதே இச்சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள் கணக்கு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தாலும், பழுதான பொருள் விஷயத்தில் அந்த வரி அவர்களைக் காப்பாற்றாது. ஆனால் நிறம் மனசுக்குப் பிடிக்கவில்லை, மாமியார் வேறு கேட்டார் என்பதற்காக மாற்றித் தரச் சொல்ல இந்த விதியில் இடமில்லை. அது கடையின் நல்ல மனதைப் பொறுத்தது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு பேசினால் கடைக்காரரிடம் உங்கள் பேச்சு எடுபடும்.

பட்டில் ‘சில்க் மார்க்’ முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் நடக்கும் திட்டம் அது. தங்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கட்டாய ஹால்மார்க் உள்ள நகைகளை ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. குறியீடு இல்லாமல் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். முத்திரை, 22கே916 போன்ற தர அளவு, அந்த ஆறிலக்கக் குறியீடு ஆகிய மூன்றும் நகையில் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி கேளுங்கள், எல்லா நகைக்கடையிலும் இருக்கும். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் குறியீட்டைத் தட்டினால், உங்கள் கையில் இருப்பது வளையலா மோதிரமா, என்ன தரம் என்பதுகூடத் தெரியும். பணம் கட்டுமுன் தட்டுங்கள். பிறகு சோதித்ததில் தரம் குறைந்திருந்தால், அந்தக் குறைவுக்கான மதிப்பைப்போல் இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் தரச் சொல்கிறது விதி.

ஆட்டோ விஷயம் எனக்கு மனவருத்தம் தருவது. 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஏறக்குறைய 63 ரூபாய் வரும். பெட்ரோல் விற்கும் விலையில் எந்த ஓட்டுநர் அதற்கு வருவார்? 2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் இதே கணக்கில் 50 ரூபாய், 18 ரூபாய் என்று தாங்களாகவே அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை. நியாயமான கட்டணம் காலத்தோடு வராதபோது, விடிகாலையில் மூட்டை முடிச்சோடு இறங்கும் வெளியூர்க்காரர் தலையில்தான் அது விடிகிறது. ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள், வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வடபழனியில் 2015 முதல் மெட்ரோ இருக்கிறது. 2021 மே முதல் மாநகர சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, எந்த மாவட்டத்துப் பெண்ணாக இருந்தாலும் சரி.

ஓட்டல் பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம். அது வாடிக்கையாளர் விரும்பினால் மட்டும் கொடுப்பது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஜி.எஸ்.டி. வேறு, அதைக் கொடுத்தே ஆக வேண்டும். தண்ணீர் பாட்டில் பற்றிப் பலருக்கும் குழப்பம். பஸ் நிலையக் கடை எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது. சாப்பாடு கெட்டிருந்தால் படம் எடுத்து, தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். குழந்தைகள் கேட்கும் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் கண்டுபிடிக்கப்பட்டுத்தான் 2024 பிப்ரவரியில் இங்கே அதற்குத் தடை வந்தது. எங்காவது கண்ணில் பட்டால் வாங்கித் தராதீர்கள்.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் பண்டிகைக் கூட்டத்தில் பர்ஸோ போனோ திருடு போய்விட்டால், “அந்த ஸ்டேஷனுக்குப் போங்க” என்று அலைக்கழிக்க விடாதீர்கள். 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அறை புக் செய்கிறேன் என்று ஆன்லைனில் பணம் இழந்தவர்கள் உடனே 1930-க்குப் பேச வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்க நிமிடங்கள்தான் இருக்கும்.

இனி கடல். மேலே சொன்னவற்றில் எது தவறினாலும் கேட்டு வாங்க வழி உண்டு. கடலில் அது கிடையாது.

மெரினாவின் இந்த அகலமான மணல் பரப்பு துறைமுகம் தந்தது. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் கட்டத் தொடங்கியபோது, கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்கிலேயே தேங்கத் தொடங்கியது. மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. உள்நாட்டிலிருந்து வருபவர்கள் இந்த மணலைப் பார்த்துவிட்டு, கடலும் இப்படித்தான் மெதுவாக ஆழமாகும் என்று எண்ணிவிடுகிறார்கள். இங்கே தரை சட்டென்று இறங்கும். கரைக்கு வந்த அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுத்துப் போகும். குளத்திலும் ஆற்றிலும் நீந்திப் பழகியவர்கள்கூட இந்த இழுப்பில் சிக்குகிறார்கள். அதனால்தான் குளிக்கத் தடை. ஐப்பசி, கார்த்திகையில் கடல் இன்னும் மோசமாக இருக்கும்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெள்ளை நினைவு மண்டபத்தின் முன் நின்று படம் எடுக்காதவர் குறைவு. 1930 டிசம்பர் 30-ல் அந்தக் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட்டின் நினைவாக எழுப்பியது அது.

யாராவது தத்தளித்தால் பதறி உள்ளே ஓடாதீர்கள், ஒருவரோடு இருவராகப் போய்விடும். கரையில் இருக்கும் மீனவர்களையும் உயிர்காப்புப் போலீஸையும் கத்திக் கூப்பிடுங்கள். காலி பிளாஸ்டிக் கேன், கயிறு, முடிச்சுப் போட்ட புடவை, எது கிடைத்தாலும் வீசுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, பொதுவான அவசர எண் 112. நீங்களே இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாதீர்கள். மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள், இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பலாம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால், வடபழனியை விட்டுக் கிளம்பும்போதே அவர்கள் மணிக்கட்டில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸார் அதற்காகவே கைப்பட்டை கட்டிவிடுகிறார்கள். மற்ற நாட்களில் அதை நாம்தான் செய்ய வேண்டும்.