பூட்டிய வீடும் புதுக் குடித்தனமும்



சிகந்தராபாத் நிலையத்துக்கும் லாலாகுடா இரயில்வே தொழிற்சாலைக்கும் அண்மையிலுள்ள மெட்டுகுடாவில், மாற்றலாகி வருவோரும் போவோரும் என்றும் உண்டு. சேமிப்பைக் கொண்டு அங்கே சிறு வீடு வாங்கி, ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு, குடியிருந்தவர் காலிசெய்யும் நாள் கவலைக்குரிய நாளே. மாத வாடகை 12,000 ரூபாய் என்று கொண்டால், வீடு பூட்டிக்கிடக்கும் ஒவ்வொரு நாளும் 400 ரூபாய் இழப்பு. கையிருப்போ குறைவு. எதை முதலில் செய்வது?

சுவருக்கு வெள்ளையடிப்பதில் தொடங்குவதே பலர் வழக்கம். அது முறையன்று. கூரை கசிந்தால் புது வெள்ளை ஒரே மழையில் கறைபடும். ஆகவே முதலில் மொட்டைமாடி வெடிப்புகளை அடைத்து, மழைநீர்க் குழாயின் வாயைத் துப்புரவு செய்க. பருவமழை ஜூனில் தொடங்குமாதலால், ஏப்ரல், மே மாதங்களே இதற்கு உகந்தவை.

அடுத்தது தண்ணீர். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டரை வீணாக்கும். சிறிய வாஷர் ஒன்று அதைத் தடுத்துவிடும்.

மூன்றாவது மின்சாரம். இதில் மட்டும் சிக்கனம் கூடாது. எர்த் இணைப்பைத் தேர்ந்த பணியாளரைக் கொண்டு சோதித்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துக. வரப்போகும் குடும்பத்தில் குழந்தைகள் இருக்கலாம்.

இவற்றின் பின்னரே சுவர். தெலுங்கில் சுன்னம் எனப்படும் சுண்ணாம்பு மலிவானது. சுட்ட சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக நீரில் இடவேண்டும். அதன்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். ஒரு நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது பசை சேர்த்தால் தொட்டால் ஒட்டாது. சுவரைச் சுரண்டி நனைத்து, இருமுறை பூசுக. எமல்ஷன் வண்ணம் கண்ட சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அத்தகைய சுவரைச் சோப்பு நீரால் கழுவி, கறை போகாத சுவருக்கு மட்டும் மூலைக்கு மூலை அதே வண்ணம் பூசுவது போதும்.

செலவு யாருடையது? மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி ஆகியவற்றை உரிமையாளர் பொறுப்பாகவும், வாஷர், சுவிட்சு, சாக்கடைத் துப்புரவு ஆகியவற்றைக் குடியிருப்பவர் பொறுப்பாகவும் பிரித்தது. மாநிலம் தனிச் சட்டம் இயற்றினாலன்றி அது எவரையும் கட்டுப்படுத்தாது. எனினும் நல்ல அளவுகோல். உடன்படிக்கையில் வேறு ஏற்பாடு இல்லாதபோது, சென்றவரின் முன்பணத்தில் வெள்ளையடிப்புக் கூலியைப் பிடிப்பது நேர்மையாகாது. அந்தப் பணத்தை நம்பியே அவர் அடுத்த ஊரில் வீடு பார்ப்பார்.

நம்மில் பலரும் இவ்வூருக்குக் குடக்கூலிக்கு வந்தவர்களே. அன்று நாம் எத்தகைய வீட்டை விரும்பினோமோ, அத்தகைய வீட்டின் சாவியையே வருகிறவர் கையில் கொடுப்போமாக.