வற்றிய ஆறும் ஒழியாத பானையும்
(1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரம்)

இழப்பினாலும் நிச்சயமின்மையாலும் கலங்கியிருப்போரிடம் கடவுளின் பராமரிப்பைக் குறித்துப் பேசும்போது, சாறிபாத் விதவையின் வரலாற்றை நாம் அடிக்கடி நாடுகிறோம். ஆயினும், பானையின் மாவும் கலசத்தின் எண்ணெயும் குறையவில்லை என்னும் செய்தியோடு (வச. 16) பிரசங்கத்தை முடித்துவிடுவது வழக்கமாயிற்று. அதிகாரமோ அங்கு முடியவில்லை. அதை முழுமையாக ஆராய்தல் நலம்.

பின்னணி

ஆகாப் அரசன் கி.மு. 9ஆம் நூற்றாண்டினன். அவன் மனைவி யேசபேல் சீதோனியரின் அரசனாகிய ஏத்பாகாலின் மகள். சிரியாவிலுள்ள ராஸ் ஷம்ராவில் 1929 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட களிமண் பலகைகள், பாகாலை இடியும் மழையும் தரும் தெய்வமாகக் காட்டுகின்றன. எனவே மழையை நிறுத்தியது பாகால் வணக்கத்தின் அடித்தளத்தையே அசைத்த செயலாகும். சாறிபாத்தோ சீதோனைச் சேர்ந்த ஊர்; பாகாலின் சொந்த நிலம். அங்கும் பஞ்சம் நிலவிற்று. ஏத்பாகாலின் நாட்களில் மழையற்ற காலம் ஒன்று இருந்ததாக மெனாந்தர் எழுதியதை யோசேப்பஸ் எடுத்துரைக்கிறார்.

1. ஆறு வற்றியது

தேசத்தில் மழையில்லாததால் கேரீத் ஆறு வற்றிற்று (வச. 7). எலியா தாமே அறிவித்த வறட்சி அவரையும் தாக்கியது. கீழ்ப்படிந்த ஊழியனுக்கும் விதிவிலக்கு இல்லை. ஒரு வழி அடைபட்ட பின்னரே அடுத்த வழி அவருக்குக் காட்டப்பட்டது.

காகங்கள் எலியாவைப் போஷித்ததையும் (வச. 4), விதவை போஷிப்பதையும் (வச. 9) ஒரே எபிரெய வினைச்சொல் குறிக்கிறது. அடுத்த அதிகாரத்தில், அரமனை விசாரிப்புக்காரனாகிய ஒபதியா நூறு தீர்க்கதரிசிகளை ஒளித்துவைத்துப் பராமரித்ததற்கும் (18:4) அதே சொல் வருகிறது. கடவுளின் பராமரிப்பு இங்கு மனிதரின் துணிவான கடமை வழியாகவும் வந்தடைகிறது. ஆகையால், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் சபை, இச்சொல்லின் பொருளை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

2. பானை நிரம்பவில்லை

மா செலவழிந்துபோகவில்லை என்றே திருமறை கூறுகிறது. பானை நிரம்பி வழிந்ததாகக் கூறவில்லை. மன்னாவைப் போலவே (யாத். 16) இதுவும் சேமித்துவைக்க இயலாத ஈவு. அவ்விதவை நாளைக்கான இருப்பைக் கண்டு நம்பவில்லை. அன்றன்று பானைக்குள் கையிட்டே நம்பினாள். விசுவாசம் நாள்தோறும் புதிதாய்ச் செய்யப்படவேண்டிய செயல்.

3. மகன் இறந்தான்

மாவு குறையாத அவ்வீட்டிலேயே மரணம் நுழைந்தது (வச. 17). தன் பாவமே காரணமோ என்று தாய் கதறுகிறாள். எலியா அதை ஆமோதிக்கவுமில்லை, அவளோடு தர்க்கிக்கவுமில்லை. பிள்ளையைத் தம் கையில் வாங்கி, மேலறைக்குக் கொண்டுபோய், அவளுடைய துக்கத்தையே தம் முறையீடாக்கிக் கடவுளிடம் நேராகக் கேட்கிறார். துக்க வீட்டில் ஆயருக்குரிய முதற்பணி இதுவே. விளக்கம் சொல்லும் அவசரம் பெரும்பாலும் நம்முடைய அச்சத்திலிருந்தே பிறக்கிறது.

பிள்ளை உயிர் பெற்றான். எனினும் இதை எல்லா வீட்டுக்கும் உரிய வாக்குறுதியாக்கலாகாது. அந்நாட்களில் இஸ்ரவேலில் அநேக விதவைகள் இருந்தும், எலியா இவள் ஒருத்தியிடமே அனுப்பப்பட்டதை ஆண்டவர் இயேசு நாசரேத்தில் நினைவூட்டினார் (லூக். 4:25, 26). கிருபையை எவரும் உரிமை கொண்டாட இயலாது என்பதே அவ்வுரையின் கூர்மை. மற்ற விதவைகளின் விசுவாசம் குறைவுள்ளது என்று தீர்ப்பிட அது நமக்கு அதிகாரம் தரவில்லை.

முடிவுரை

ஆகவே, நம்பினால் இழப்பு நேராது என்று போதிப்பது இவ்வதிகாரத்திற்கு முரணாகும். வற்றிய ஆற்றருகிலும், ஒருபிடி மாவின் முன்னும், இறந்த பிள்ளையின் படுக்கையருகிலும் ஜீவனுள்ள கடவுளை நோக்கிக் கூப்பிடலாம் என்பதே இது தரும் உறுதி. இதனைப் பிரசங்கிப்போர், பானை வெறுமையான வீடுகளுக்கு ஒருபிடி மாவுடன் செல்லக் கடமைப்பட்டவர்கள்.