கொண்டச்சிக் கரையும் ஆலோசகர் பயிற்சியும்

மன்னார் மாவட்டத்தின் தென்பால், சிலாவத்துறையை அடுத்துக் கொண்டச்சி என்னும் சிற்றூர் உளது. பிரித்தானியர் இலங்கையின் கரையோரங்களைக் கைப்பற்றிய 1796 ஆம் ஆண்டை அடுத்து நிகழ்ந்த முத்துச் சலாபங்களின்போது, இக்கொண்டச்சிக் குடாவின் கரையிலே ஓலைக் கொட்டில்களாலான பெருநகரொன்று சில வாரங்களுக்கு எழுந்து மறைவதுண்டு. வளர்முக நாடுகளின் தாபனங்களை வலுப்படுத்துதற்கு உள்ளூர் ஆலோசகர்களைப் பயிற்றுதல் வேண்டுமென இன்று பலரும் பேசுகின்றனர். அப்பேச்சின் உட்பொருளை விளக்க இக்கரையினும் சிறந்த சான்று வேறில்லை என்பது நம் கருத்து.

சலாபம் நடத்துவதா, விடுவதா என்பதை அரசாங்கம் எவ்வாறு அறிந்தது? முத்துப்பார்ப் பரிசோதகர் பார்களைப் பார்வையிட்டுச் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுப்பிப்பார். அவற்றின் முத்துக்கள் பித்தளைச் சல்லடைகள் பத்தினால் தரம் பிரிக்கப்படும். முதற் சல்லடையில் 20 துளை; அடுத்தவற்றில் 30, 50, 80, 100 என ஏறி, இறுதிச் சல்லடையில் 1000 துளை. இருபது துளைச் சல்லடையில் தங்குவதே பெருமுத்து. (ஆயிரம் துளையினூடும் நழுவிய தூள் முத்தும் வீணாவதில்லை, அதற்கும் வாங்குவார் உளர்.) பின்னர் உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணி முதலாய வகைகளாகப் பிரித்து விலை மதிப்போர் நம் நாட்டு மதிப்பாளரே. அவர் சொல்லை நம்பியே சலாப அறிவித்தல் வெளியிடப்பட்டது. ஆலோசகர் என்னும் பெயர் மட்டுந்தான் அவர்க்கு இல்லை.

எனினும், முத்தின் விலையை அறிந்தோர்க்குச் சிப்பி ஏன் மறைகின்றது என்பது தெரியவில்லை. 1891க்குப் பின் பல ஆண்டு சலாபமின்மையால், லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் அழைக்கப்பெற்று 1902 சனவரியில் வந்தார். பெரியபாரில் இளஞ்சிப்பிகள் திரள்திரளாகத் தோன்றியும் முதிருமுன் அழிவதைக் கண்டு, அவற்றைப் பாதுகாப்பான இடங்களுக்குப் பெயர்த்து இடும்படி கூறினார். அவர் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக இலண்டனில் வெளிவந்தது. சில மாதங்களில் அவர் மீண்டாலும், அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்ணெல் பணியைத் தொடர இங்கேயே தங்கினார்.

அப்பால் நிகழ்ந்ததுதான் கருதத்தக்கது. 1905 இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா வருவாய் கிடைத்தது. மறு ஆண்டே பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி இல்லை. ஹோர்ணெல் சென்னை மீன்வளத் துறைக்குச் சென்றார். கம்பனி 1912 இல் கலைந்தது. அடுத்த சலாபம் 1925 இல்தான். அளவுக்கு மிஞ்சி எடுத்தமை ஒரு காரணம். கடலின் போக்கும் ஒரு காரணம். ஆயினும் நாம் வருந்துவது பிறிதொன்றைப் பற்றி: மதிப்பாளரின் கைத்திறனும் விஞ்ஞானியின் நூலறிவும் ஒரே கரையில் அருகருகே இருந்தும், ஒன்றை மற்றொன்றுக்குப் பயிற்றி இரண்டையும் ஒருவரிடம் சேர்த்து வைக்கும் ஏற்பாடு வேரூன்றவில்லை. ஆள் போயின், அறிவும் உடன் போயிற்று.

எதிர்க்கரையை நோக்குக. 1947 இல் தோன்றிய இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், தூத்துக்குடியில் முத்து வளர்ப்பு ஆராய்ச்சியைத் தொடங்கியது. யப்பானியர் அந்நுட்பத்தை நெடுங்காலம் மறைத்தே வைத்திருந்தனர். 1973 இல் அழகர்சாமி முதலிய ஆராய்ச்சியாளர் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினர். அந்நிலையம் பின்னர்ப் பிறரையும் பயிற்றத் தொடங்கியது. வெளியார் கற்பிக்க மறுத்ததை உள்ளூரார் தாமே கற்றுப் பிறர்க்கும் கற்பித்தமையாற்றான் அங்கு அறிவு நிலைத்தது.

1951 இல் தொடங்கிய கொழும்புத் திட்டமும் நிபுணரை அனுப்புவதோடு நம்மவரை வெளிநாட்டில் பயிற்றவும் வழி செய்தது. நிபுணரின் பக்கத்தில் உள்நாட்டு அலுவலர் ஒருவரை அமர்த்துவதே இத்தகைய உதவியில் வழக்கமான முறை. முறை நல்லதே; ஆனால் அவ்வலுவலர் கோப்புகளைச் சுமப்பவராக மட்டும் இருப்பின் பயனில்லை. கணக்கெடுப்பை அவரே நடத்தல் வேண்டும். பிழையாயின் நிபுணர் திருத்துதல் வேண்டும். அறிக்கையின் ஒரு பகுதியையேனும் அவரே எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். ‘இவ்வாண்டு சலாபம் வேண்டா’ என்று மேலிடத்துக்குச் சொல்லும் துணிவும் அவர்க்கு வேண்டும். நம் நோக்கில், பயிற்சியின் கடினமான பாடம் இதுவே; வகுப்பறையில் இது வருவதன்று.

இது பழங்கதையன்று. முசலிப் பகுதி முஸ்லிம் மக்கள் 1990 இல் வெளியேற்றப்பட்டு, பெரும்பாலும் போர் முடிந்த 2009க்குப் பின்னர் மீளக் குடியமரலாயினர். காணி, குளம், மீன்பிடி, பாடசாலை ஆகிய யாவற்றுக்கும் திட்டம் வேண்டியிருக்கின்றது. நம் பழைய மாணவருள் பொறியியலாளரும் கணக்காளரும் நில அளவையாளரும் பலர். அவர்களை ஆலோசகராக அழைப்போரும் உளர். அவர்கள் அப்பகுதிக்கு ஏற்கும் ஒவ்வொரு பணியிலும், அவ்வூர் இளைஞர் இருவரைத் தொடக்கம் முதல் முடிவு வரை கூலியோடு உடன் வைத்துக்கொள்ளலாம். அறிக்கையின் தமிழ்ப் படியை அவ்விருவரைக் கொண்டே முசலிப் பிரதேச சபையில் வாசித்து விளக்குவிக்கலாம். ஆண்டு மூன்று கழிந்து அக்குளத்தின் மதகு பழுதானால், யாரைக் கேட்பதென்று ஊரார் கொழும்புக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க நேராது.