அறுவை சிகிச்சைக்குப் பின் ஹீமோகுளோபின் குறைந்தால் ரத்தம் ஏற்றியே ஆக வேண்டுமா?

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் பரிசோதனை அறிக்கையில் ஹீமோகுளோபின் 8.4 கிராம் எனக் காட்டினால், மருத்துவர் எதுவும் கூறும் முன்பே பல குடும்பங்கள் ரத்தக் கொடையாளரைத் தேடத் தொடங்கிவிடுகின்றன. ஆனால், அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து ரத்தம் ஏற்றும் வழக்கத்தை மருத்துவ உலகம் படிப்படியாகக் கைவிட்டு வருகிறது.

ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு பெண்களுக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே இருந்தால் அது ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. எனவே பலர் குறைந்த இருப்புடனேயே அறுவை அரங்குக்குள் செல்கின்றனர். அங்கு ஏற்படும் ரத்த இழப்புடன், சிகிச்சையின்போது ஏற்றப்படும் திரவங்கள் ரத்தத்தை நீர்க்கச் செய்வதாலும் இந்த அளவு மேலும் குறைகிறது.

நீண்ட காலமாக 10 கிராம் என்பதே எல்லையாகக் கருதப்பட்டது. இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட, இதய நோய் அல்லது அதற்கான அபாயம் கொண்ட 2,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2011-ல் வெளியான ஆய்வு அதை அசைத்தது. 10 கிராமுக்குக் கீழே இறங்கியதும் ரத்தம் பெற்றவர்களுக்கும், 8 கிராமுக்குக் கீழே இறங்கினாலோ அறிகுறி தென்பட்டாலோ மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே, 60 நாட்களுக்குப் பிறகு உயிரிழப்பிலோ நடக்கும் திறனிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்கள், நிலையான உடல்நிலை கொண்ட பெரியவர்களுக்கு 7 கிராமையும், இதய அறுவை சிகிச்சைக்கு 7.5 கிராமையும், எலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 8 கிராமையும் எல்லையாகக் கருதலாம் என்கின்றன. மாரடைப்பு ஏற்பட்டவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்துமா என்பதில் இன்னும் தெளிவு பிறக்கவில்லை.

எண்ணைவிட நோயாளியின் நிலையே முக்கியம். நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சுத்திணறல், தணியாத நாடித்துடிப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றல் ஆகியவை இருந்தால், எல்லைக்கு மேலே இருந்தாலும் ரத்தம் தேவைப்படலாம். ரத்தக்கசிவு தொடரும்போது எண்ணுக்காகக் காத்திருக்கவே கூடாது. ரத்தம் வேகமாக வெளியேறும் முதல் சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் அளவு ஏமாற்றும். எஞ்சியிருக்கும் ரத்தத்தின் அடர்த்தி உடனே மாறிவிடுவதில்லை.

தானமாகப் பெறப்படும் ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா பரிசோதனைகள் இந்தியாவில் கட்டாயம். ஆனால் முதியோருக்கும், இதயம் அல்லது சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் ரத்தத்தை வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. எனவே, ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு ஒரு யூனிட் மட்டும் ஏற்றி, மீண்டும் பரிசோதித்த பிறகே அடுத்ததை முடிவு செய்ய வேண்டும். ஒரு யூனிட் சுமார் 1 கிராம் அளவுக்கு ஹீமோகுளோபினை உயர்த்தும். 'கொடையாளர் கிடைத்துவிட்டார், எதற்கும் ஏற்றிவிடலாம்' என்பது மருத்துவக் காரணம் ஆகாது.

அவசரமில்லாத நிலையில் இரும்புச்சத்து ஒரு மாற்று வழி. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய அழற்சியால் மாத்திரைகளை உடல் சரிவர உறிஞ்சுவதில்லை என்பதால், குறைபாடு உள்ளவர்களுக்கு அதை ரத்த நாளம் வழியாகச் செலுத்துவதுண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால், குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே ஹீமோகுளோபினைப் பரிசோதித்து, குறைபாட்டைச் சரிசெய்யத் தொடங்கலாம்.